வாசகர் கேள்வி பதில்: எல்லோரும் ஏன் சும்மா இருக்கிறார்கள்?

அதிகாரம் ஒரே கையில் குவிகிறபோது சாதாரண மக்கள் ஏன் எதிர்க்கத் தயங்குகிறார்கள் என்று போன இதழில் கேட்டிருந்தோம். பதில்களைவிடக் கேள்விகள்தான் நிறைய வந்தன. பாதிப் பேர் பெயர் போட வேண்டாம் என்று எழுதியிருந்தார்கள். அதனால் யார் பெயரையும் போடவில்லை, தொழிலை மட்டும் போட்டிருக்கிறோம்.

கேள்வி: நாட்டில் நடப்பது சரியில்லை என்று கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறபோதுகூட மக்கள் சும்மா இருக்கிறார்களே, இது பயமா, சுயநலமா, விவரம் தெரியாததா? (ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர்)

மூன்றும் கொஞ்சம் கொஞ்சம் உண்டு. ஆனால் மூன்றையும் கூட்டினாலும் விடை முழுசாக வராது. மக்கள் கோழைகள் என்று சொல்லிவிட்டால் சொல்கிறவருக்கு ஒரு திருப்தி கிடைக்கும், அவ்வளவுதான். அதே மக்கள்தான் கடன் வாங்கித் தொழில் தொடங்குகிறார்கள், மொழி தெரியாத நாட்டுக்கு வேலை தேடிப் போகிறார்கள், வெள்ளத்தில் முன்பின் தெரியாத ஆளை இழுத்துக் கரை சேர்க்கிறார்கள். தைரியத்துக்கு ஒன்றும் பஞ்சமில்லை.

கணக்கைப் பாருங்கள் சார். எதிர்த்துப் பேசினால் வரும் நஷ்டம் எனக்கு மட்டும் வரும், நிச்சயம் வரும், நாளைக்கே வரும். பேசியதால் ஏதாவது நல்லது நடந்தால் அது ஊருக்கே கிடைக்கும், வாயைத் திறக்காதவருக்கும் சேர்த்துக் கிடைக்கும், அதுவும் எந்தக் காலத்திலோ. இப்படி இருக்கும்போது "யாராவது ஆரம்பிக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று ஒருவர் இருப்பதில் தப்பான கணக்கு ஒன்றும் இல்லை. எல்லோரும் அதே கணக்கைப் போட்டால் யாரும் ஆரம்பிக்க மாட்டார்கள் என்பதுதான் சிக்கல்.

நஷ்டம் என்றதும் நாம் சிறை, துப்பாக்கி என்று போய்விடுகிறோம். பெரும்பாலானவர்களைத் தடுப்பது அது இல்லை. இடமாற்றல் உத்தரவு, புதுப்பிக்கப்படாமல் போகும் ஒப்பந்தம், மேசை மேசையாக இழுபடும் லைசன்ஸ், திடீரென்று வந்து நிற்கும் வரி அதிகாரி, மகளின் பாஸ்போர்ட் விசாரணையில் யாரோ எழுதிவைக்கும் ஒரு வரி. இதற்கெல்லாம் யாரும் மாலை போட மாட்டார்கள், செய்தியிலும் வராது, வீட்டிலேயே "உனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை" என்றுதான் கேட்பார்கள். ஒரு மனிதன் பெரிய தியாகத்துக்குக்கூடத் துணிந்துவிடுவான், இந்த மாதிரி அற்பத் தொல்லைக்குத் துணிவது கஷ்டம்.

இதில் இன்னொரு தந்திரமும் இருக்கிறது. எது குற்றம் என்று தெளிவாகச் சொன்னால் மக்கள் அந்தக் கோடு வரைக்கும் வந்து நிற்பார்கள். "தேச நலனுக்கு விரோதமான செயல்" என்று மொட்டையாக எழுதிவைத்தால் கோடு எங்கே என்று யாருக்கும் தெரியாது, எதற்கு வம்பு என்று நாலு அடி முன்னாலேயே நின்றுவிடுவார்கள். அரசாங்கம் தணிக்கைக்கு ஆள் போட வேண்டியதே இல்லை, சம்பளம் வாங்காமல் நாமே அந்த வேலையைப் பார்த்துவிடுகிறோம்.

கேள்வி: ஜெர்மனியில் ஹிட்லர் வந்தபோது ஆரம்பத்திலேயே யாருக்கும் புரியவில்லையா? (கல்லூரி மாணவி)

நிறையப் பேருக்குப் புரிந்தது. புரிந்துகொண்டு என்ன செய்வது என்பதற்குள் அடுத்தது வந்துவிட்டது.

தேதிகளை வரிசையாகப் பாருங்கள். 1933 ஜனவரி 30 அன்று ஹிட்லர் சான்சலர் ஆகிறார், சட்டப்படி ஜனாதிபதி நியமித்த சான்சலர். பிப்ரவரி 27 இரவு நாடாளுமன்றக் கட்டடம் எரிகிறது. மறுநாளே அவசர ஆணை, பேச்சுரிமை, கூட்டம் கூடும் உரிமை, தனிமனிதச் சுதந்திரம் எல்லாம் "தற்காலிகமாக" நிறுத்தம். மார்ச் 23 அன்று நாடாளுமன்றமே தன் சட்டம் இயற்றும் அதிகாரத்தை அமைச்சரவைக்குக் கொடுத்துவிடுகிறது: ஆதரவு 444, எதிர்ப்பு 94. அந்த 94 பேரும் சமூக ஜனநாயகக் கட்சிக்காரர்கள். கம்யூனிஸ்டுகள் எதிர்த்து ஓட்டுப் போடவே இல்லையே என்று கேட்காதீர்கள், அவர்கள் அதற்குள் சிறையில் இருந்தார்கள் அல்லது தலைமறைவாகிவிட்டார்கள். ஏப்ரல் 7 அன்று யூதர்களையும் அரசியல் எதிரிகளையும் அரசு வேலையிலிருந்து நீக்கும் சட்டம்.

அப்புறம் வந்ததுதான் எனக்கு மிகவும் கெட்டிக்காரத்தனமாகப் படுகிறது. தொழிலாளர்கள் பல வருடமாகக் கேட்டுவந்த மே தினத்தைச் சம்பளத்தோடு கூடிய தேசிய விடுமுறையாக நாஜி அரசு அறிவித்தது. தொழிற்சங்கத் தலைவர்களே தங்கள் ஆட்களை ஊர்வலத்தில் கலந்துகொள்ளச் சொன்னார்கள். மே 1 கொண்டாட்டம், மே 2 காலையில் நாடு முழுக்கத் தொழிற்சங்க அலுவலகங்களில் புகுந்து தலைவர்களைக் கைது செய்தார்கள். ஜூலை 14 அன்று நாஜிக் கட்சியைத் தவிர வேறு கட்சியே கூடாது என்று சட்டம் வந்துவிட்டது. மொத்தம் ஆறு மாதம்கூட ஆகவில்லை.

ஒவ்வொரு அடிக்கும் ஒரு காரணம் சொல்லப்பட்டது, ஒவ்வொன்றும் அரசிதழில் வந்தது. நேற்றோடு ஒப்பிட்டால் இன்று கொஞ்சம்தான் மோசம், ஆகவே "இதுக்காகவா தெருவுக்கு வர வேண்டும்" என்று தோன்றும். ஆறு மாதத்துக்கு முந்தைய நாளோடு ஒப்பிட வேண்டும், ஆனால் மனித மனம் நேற்றோடுதான் ஒப்பிடும்.

கேள்வி: "முதலில் அவர்களைப் பிடித்தார்கள், நான் பேசவில்லை" என்கிற வரிகளை இந்தக் காலத்தில் எல்லோரும் பகிர்கிறார்கள். ஏன் பலன் இல்லை? (வங்கி ஊழியர்)

பகிர்கிற ஒவ்வொருவரும் தன்னைக் கடைசியாகப் பிடிக்கப்படும் நல்லவராக நினைத்துக்கொள்வதால். அதைச் சொன்ன மார்ட்டின் நீமுல்லர் பாதிரியார் யார் என்று பார்த்தால் விஷயம் கசக்கும். அவர் முதல் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பல் தளபதி, ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததை வரவேற்றவர். அரசு தன் திருச்சபைக்குள் கை வைத்தபோதுதான் எதிர்த்தார். 1937 முதல் 1945 வரை சிறையிலும் வதைமுகாமிலும் இருந்தார். அதாவது முதலில் பிடிக்கப்பட்டவர்கள் அவருக்குப் பிடிக்காதவர்கள். அவர் பேசாமல் இருந்ததற்குப் பயம் மட்டும் காரணம் இல்லை, "அவனுங்களுக்கு வேணும்" என்கிற எண்ணமும் இருந்திருக்கிறது. எந்த நாட்டிலும் அதிகாரம் ஊருக்கே வேண்டாதவர்களிடம்தான் முதலில் கை வைத்துப் பார்க்கும், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள் என்று அதற்குத் தெரியும்.

கேள்வி: எல்லாம் சட்டப்படிதானே நடக்கிறது, அப்புறம் என்ன குறை? (வழக்கறிஞர்)

மேலே மார்ச் 23 என்று ஒரு தேதி இருக்கிறது பாருங்கள், அதுவும் சட்டப்படிதான்.

கேள்வி: நான் ஒருத்தன் பேசி என்ன ஆகப்போகிறது? (அரசு ஊழியர்)

இந்தக் கேள்வியைத்தான் அதிகம் பேர் எழுதியிருந்தார்கள், வார்த்தை மட்டும் மாறியிருந்தது. அதுவே ஒரு பாதி பதில். நீங்கள் ஒருத்தர் இல்லை, ஒருத்தர் என்று நினைத்துக்கொண்டிருக்கிற ஒரு கூட்டம்.

1950களில் சாலமன் ஆஷ் என்கிற உளவியலாளர் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார். ஒரு கோட்டைக் காட்டி, மூன்று கோடுகளில் எது இதே நீளம் என்று கேட்பார்கள். குழந்தைகூடச் சரியாகச் சொல்லிவிடும். அறையில் ஒரே ஒருவர்தான் நிஜமாகச் சோதிக்கப்படுகிறவர், மற்றவர்கள் ஏற்கெனவே சொல்லிவைத்த ஆட்கள், அவர்கள் வேண்டுமென்றே ஒரே தப்பான பதிலைச் சொல்வார்கள். சோதிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் ஒரு தடவையாவது கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டுக் கூட்டத்தோடு சேர்ந்து தப்பாகச் சொன்னார்கள். இத்தனைக்கும் அங்கே போலீஸ் இல்லை, வேலை போகாது, அடி விழாது.

இதை எல்லோரும் சொல்வார்கள். அடுத்த பாதியைச் சொல்ல மறந்துவிடுவார்கள். அறையில் வேறு ஒரே ஒருவர் சரியான பதிலைச் சொல்லிவிட்டால் போதும், கூட்டத்துக்கு ஒத்து ஊதுவது மளமளவென்று குறைந்துவிட்டது. பெரும்பான்மை தேவைப்படவில்லை, இரண்டாவது ஆள்தான் தேவைப்பட்டார்.

இதை ஒரு நாட்டுக்கு விரித்துப் பாருங்கள். கிழக்கு ஜெர்மனியில் 1989 மே மாதம் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது, அரசு நிறுத்திய பட்டியலுக்கு 98.85 சதவீதம் ஆதரவு என்று அறிவித்தார்கள். அறிவித்தவர்களுக்கே அது பொய் என்று தெரியும். ஆனால் அந்த எண்ணின் வேலை யாரையும் நம்பவைப்பது இல்லை. "பக்கத்து வீட்டுக்காரன் எந்தப் பக்கம் என்று உனக்குத் தெரியாது" என்று ஒவ்வொருவருக்கும் ஞாபகப்படுத்துவதுதான் அதன் வேலை. உளவுத் துறையான ஸ்டாசியில் அப்போது 90,000 பேருக்கு மேல் முழுநேர ஊழியர்கள், அது போக லட்சத்துக்கு மேல் ரகசியத் தகவலாளிகள், மொத்த மக்கள்தொகையோ 1 கோடியே 60 லட்சம்தான். ஆக நண்பனிடம் பேசவும் யோசிக்க வேண்டும்.

அதே ஆண்டு லைப்சிக் நகரத்தில் ஒரு தேவாலயத்தில் திங்கட்கிழமை பிரார்த்தனை முடிந்து வெளியே வந்தவர்கள் ஊர்வலம் போக ஆரம்பித்தார்கள். செப்டம்பர் தொடக்கத்தில் ஆயிரத்தை ஒட்டிய கூட்டம், வாரா வாரம் கூடியது. அக்டோபர் 9 அன்று சுடுவார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு, ஆயுதம் ஏந்திய படைகள் தயாராக நின்றன. வந்தவர்கள் ஏறக்குறைய 70,000 பேர். சுடவில்லை. ஒரு மாதம் கழித்து, நவம்பர் 9 அன்று, பெர்லின் சுவர் திறந்தது. மே மாதத்துக்கும் அக்டோபருக்கும் நடுவில் அந்த ஜனங்களின் கருத்து மாறிவிட்டது என்று நான் நம்பவில்லை. மற்றவர்களின் கருத்து என்ன என்று தெரிந்துவிட்டது, அதுதான் மாறியது.

சரி, இதை வைத்து நாளைக்கே நீங்கள் தெருவில் இறங்கினால் 70,000 பேர் பின்னால் வருவார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆரம்பத் திங்கட்கிழமைகளில் வந்தவர்களில் கைதானவர்களும் உண்டு. லைப்சிக்கைப் போலவே தொடங்கி ரத்தத்தில் முடிந்த இடமும் அதே ஆண்டில் இருக்கிறது, பெய்ஜிங் தியானன்மென் சதுக்கம்.

கேள்வி: எமர்ஜென்சியில் 21 மாதம் பேசாமல் இருந்த மக்கள் 1977 தேர்தலில் இந்திரா காந்தியையே தோற்கடித்தார்களே, அதைப் பற்றிச் சொல்லுங்கள். (சிறு தொழில் செய்பவர்)

இதைப் பெருமையாகச் சொல்வார்கள், நானும் சொல்வேன், ஆனால் முழுசாகச் சொல்ல வேண்டும். 1975 ஜூன் 25 இரவு அறிவிப்பு, பத்திரிகைத் தணிக்கை, விசாரணை இல்லாமல் ஒரு லட்சம் பேருக்கு மேல் சிறை. 1976 ஏப்ரல் 28 அன்று, காரணமில்லாமல் அடைக்கப்பட்டவர் நீதிமன்றத்துக்கு வரக்கூட முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் நான்கு பேர் தீர்ப்புச் சொன்னார்கள். மாறுபட்டவர் எச்.ஆர்.கன்னா ஒருவர்தான். அடுத்த வருடம் அவருக்கு வர வேண்டிய தலைமை நீதிபதி பதவி அவருக்கு அடுத்து இருந்தவருக்குப் போனது, கன்னா ராஜினாமா செய்தார். உச்ச நீதிமன்ற நீதிபதிக்கே இதுதான் கதி என்றால் குமாஸ்தா என்ன பேசுவார்?

1977 மார்ச்சில் ஓட்டுப் பெட்டி வந்தது. உத்தரப் பிரதேசத்தின் 85 தொகுதியிலும் பீகாரின் 54 தொகுதியிலும் காங்கிரசுக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ரகசிய ஓட்டு கிடைத்ததும் அதுவரை வாய் மூடியிருந்தவர்கள் சொல்லிவிட்டார்கள்.

ஆனால் தெற்கே? ஆந்திராவின் 42 தொகுதிகளில் காங்கிரசுக்கு 41. தமிழ்நாட்டில் 1976 ஜனவரி 31 அன்று மாநில ஆட்சியே கலைக்கப்பட்டிருந்தது, பலர் விசாரணை இல்லாமல் அடைக்க வழிசெய்யும் மிசா சட்டத்தில் அடைபட்டிருந்தார்கள், அப்படியும் அதிமுக–காங்கிரஸ் கூட்டணிக்கு 39ல் 34 கிடைத்தது. வடக்கே கட்டாயக் கருத்தடையும் குடிசை இடிப்பும் வீட்டு வாசலுக்கு வந்தன, தெற்கே அந்த அளவுக்கு வரவில்லை. ஆபீஸ் நேரத்துக்குத் திறந்தது, ரயில் நேரத்துக்கு வந்தது என்று இன்றும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஆக மக்கள் கோபப்பட்டது உரிமை பறிபோனதற்கு என்பதைவிட, தங்கள் உடம்பிலும் கூரையிலும் கை வைத்ததற்கு. இதை இழிவாகச் சொல்லவில்லை. பேச்சுரிமை போனது பேச வேண்டிய தேவை வருகிற அன்றுதான் உறைக்கும்.

கேள்வி: மக்களுக்கே சர்வாதிகாரம் பிடித்திருக்கிறதோ? (மருத்துவர்)

ஒரு பகுதியினருக்குப் பிடித்திருக்கிறது டாக்டர், அதை மறைத்துப் பேசுவதில் லாபம் இல்லை. சிலியில் பினோசே 1973ல் ராணுவப் புரட்சியில் வந்தார், அவர் ஆட்சியில் 3,000 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள் அல்லது காணாமல் போனார்கள். 1988 அக்டோபர் 5 அன்று, இவர் இன்னும் எட்டு வருடம் தொடரலாமா என்று வாக்கெடுப்பு. வேண்டாம் என்று சொன்னவர்கள் 56 சதவீதம், அவர் ஜனாதிபதி பதவியை விட்டுப் போக வேண்டியதாயிற்று. ஆனால் 44 சதவீதம் பேர் வேண்டும் என்று சொன்னார்கள். அத்தனை பேரும் பயந்து போட்டவர்கள் இல்லை. ஒழுங்கு வேண்டும், பழைய குழப்பம் திரும்பக் கூடாது, தன் தொழில் நன்றாக ஓடுகிறது, இப்படி ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம்.

நாம் "தயங்குகிறார்கள்" என்று எண்ணும் ஆட்களில் பாதிப் பேர் தயங்கவே இல்லை, திருப்தியாக இருக்கிறார்கள். அவர்களிடம் போய் தைரியம் பற்றிப் பிரசங்கம் செய்தால் ஏறாது. அந்தத் திருப்திக்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்று கேட்கலாம், கேட்டுக்கொண்டே இருக்கலாம். பலன் உடனே கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

கேள்வி: நான் பேசத் தயார். அப்பா அம்மா விட மாட்டார்கள். அவர்கள் மேல் கோபமாக வருகிறது. (பெயரும் தொழிலும் வேண்டாம் என்றவர்)

கோபம் வேண்டாம் தம்பி, அல்லது தங்கையே. குடும்பம் உள்ளவரை வளைக்க ரொம்ப மெனக்கெட வேண்டாம் என்பது எல்லா ஆட்சிக்கும் தெரியும், உங்கள் வீட்டுக்காரர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

ஆனால் அதே பாசம் எதிர்ப் பக்கமாகவும் திரும்பியிருக்கிறது. அர்ஜென்டினாவில் ராணுவ ஆட்சி பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போனது, எங்கே என்று கேட்டால் எந்த அலுவலகத்திலும் பதில் இல்லை. 1977 ஏப்ரல் 30 அன்று 14 தாய்மார்கள் ஜனாதிபதி மாளிகைக்கு எதிரே இருக்கும் மாயோ சதுக்கத்தில் கூடினார்கள். கூட்டமாக நிற்கக் கூடாது, நகருங்கள் என்றது போலீஸ். சரி என்று இரண்டிரண்டு பேராகச் சதுக்கத்தைச் சுற்றி நடந்தார்கள். அவர்களில் கட்சி அரசியல் பக்கமே போகாத குடும்பத் தலைவிகள்தான் அதிகம். அந்த டிசம்பரில் அமைப்பைத் தொடங்கியவர்களில் மூன்று பேரைக் கடத்திக் கொன்றார்கள். மற்றவர்கள் வியாழக்கிழமைகளில் நடப்பதை விடவில்லை. 1983ல் அந்த ஆட்சி போனது, போருக்குப் போய்த் தோற்றது ஒரு காரணம், தாய்மார்கள் மட்டுமே கவிழ்த்தார்கள் என்று சொன்னால் மிகை. ஆனால் காணாமல் போனவர்கள் என்று ஒரு கூட்டம் இருப்பதை உலகத்துக்கே தெரிய வைத்ததில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

கேள்வி: சமூக வலைதளத்தில் திட்டினால் அது எதிர்ப்பில் சேருமா? (ஐடி ஊழியர்)

இரண்டாவது ஆள் இருக்கிறார் என்று மற்றவர்களுக்குத் தெரிவதால் கொஞ்சம் சேரும். திட்டி முடித்த நிம்மதியில் தூங்கப் போய்விட்டால் சேராது. ஸ்டாசிக்கு லட்சம் பேர் சேகரித்துத் தர வேண்டியிருந்த தகவலை நாமே தேதி, நேரம், இடத்தோடு எழுதித் தருகிறோம் என்பதையும் மறக்க வேண்டாம்.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் ஒரு சக ஊழியரை அநியாயமாக நீக்கினார்கள். கண்டனக் கடிதம் சுற்றி வந்தது, நான் கையெழுத்துப் போடவில்லை. யாருமே போடவில்லை என்று அப்புறம் தெரிந்தது. அடுத்த முறை என்ன செய்வது? (கணக்காளர்)

உங்களைத் திட்டுவேன் என்று எதிர்பார்த்திருந்தால் மன்னிக்கவும். காலித் தாளை ஒருவரிடம் நீட்டி, முதல் பெயராக உன் பெயரை எழுது என்றால் யார்தான் எழுதுவார்?

1942ல் நார்வே நாஜிகளின் பிடியில் இருந்தது. ஆசிரியர்கள் எல்லோரும் அரசு தொடங்கிய புதிய சங்கத்தில் கட்டாயம் சேர வேண்டும் என்று, நாஜிகளோடு ஒத்துழைத்து அங்கே ஆட்சி நடத்திய நார்வேக்காரர் குவிஸ்லிங் உத்தரவு போட்டார். ஆசிரியர்கள் ரகசியமாகப் பேசி ஒரு சின்ன வாசகத்தை எழுதி நாடு முழுக்கப் பரப்பினார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் அதே வாசகத்தை, வார்த்தை பிசகாமல், ஒரே நாளில் தபாலில் அனுப்பினார்கள். யார் முதலில், யார் தலைவர் என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. அரசு ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கைது செய்தது, நூற்றுக்கணக்கானவர்களைத் தூர வடக்கில் கிர்கெனெஸ் என்கிற பனிப் பிரதேசத்துக்கு வேலைக்கு அனுப்பியது. பெரும்பாலானவர்கள் அப்படியும் பின்வாங்கவில்லை. கடைசியில் குவிஸ்லிங் அந்தத் திட்டத்தையே கைவிட வேண்டியதாயிற்று, அந்த ஆண்டு முடிவதற்குள் ஆசிரியர்கள் வீடு திரும்பினார்கள். எல்லோரும் அதிசய மனிதர்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. தனியாக மாட்டிக்கொள்ள மாட்டோம் என்கிற ஏற்பாடு முதலில் நடந்தது, தைரியம் அதற்குப் பின்னால் வந்தது.

உங்கள் அலுவலகத்துக்கு இவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டாம். 18ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் மாலுமிகள் கேப்டன் மேல் புகார் எழுதும்போது பெயர்களை வரிசையாக எழுத மாட்டார்கள், ஒரு வட்டத்தைச் சுற்றிக் கையெழுத்துப் போடுவார்கள். முதல் பெயர் எது, கடைசிப் பெயர் எது என்று யாராலும் சொல்ல முடியாது. முதலில் நம்பக்கூடிய நாலைந்து பேரிடம் தனித்தனியாகப் பேசுங்கள், மற்றவர்கள் போட்டால் நானும் போடுவேன் என்கிற ஆட்கள் எத்தனை பேர் என்று எண்ணிக்கொள்ளுங்கள். எண்ணிக்கை தேறினால் எல்லோரும் ஒரே அறையில் ஒரே நேரத்தில் கையெழுத்துப் போடுங்கள். தேறாவிட்டால் கடிதத்தை வைத்திருங்கள், நீக்கப்பட்டவரின் வீட்டுக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள், அதற்குக் கையெழுத்து தேவையில்லை.